பார்க்கக் கூடாதவர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அந்த ஜன்னலோரமாக உட்காருங்கள், காற்று வரும். இன்றைக்கு ஒரு சந்தேகத்தின் கதை சொல்கிறேன். இதில் பேய் இல்லை, கொலை இல்லை. ஆனாலும் முடிகிறவரைக்கும் கள்வர் யார் என்று நீங்களும் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

வெயிலக்கா என்று ஒருத்தி இருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தாள். வெயில் மனித உடம்புக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக அவள் பாலைவனத்துக்குப் போகவில்லை. அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்துக்குப் போனாள்.

அங்கே ஆஸ்பத்திரி விரிப்புகள் எல்லாம் கொதிக்கிற தொட்டியில் புரண்டு, ஆள் உயர உலர்த்தியில் சுழன்று, கடைசியில் உருளை இஸ்திரிக்குள் நுழைந்து அப்பளமாக வெளியே வரும். அதைப் பிடித்து மடிக்கிறவர்கள் பெண்கள். கழிப்பறை இரண்டு கட்டடம் தள்ளி இருந்ததால் அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். கோடை நீள நீள இவர்களுடைய சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டு வருகிறதோ என்பது வெயிலக்காவின் சந்தேகம். மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். நாலைந்து பேருக்கு, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவின் அளவு ரத்தத்தில் ஏறத்தான் செய்தது. ஆனால் அது நிலைத்து நிற்கிற கெடுதலா, குளிர்காலத்தில் இறங்கிவிடுவதா என்று சொல்ல இன்னும் சில கோடைகள் பார்த்தாக வேண்டும்.

கோடைகள் இருந்தன. நிதிதான் இல்லை. கையிலிருந்த ஆராய்ச்சி நிதி அந்த வருடக் கடைசியோடு முடிகிறது. அது முடிந்தால் அவளுடைய வேலையும் முடிந்தது, அந்தப் பெண்களின் பரிசோதனையும் முடிந்தது.

சலவைக்கூடத்து மேஸ்திரியம்மா ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே கேட்பாள்: "அக்கா, அடுத்த வருசமும் குத்த வருவீங்கல்ல?"

"வருவேன்."

"உங்களுக்கு முன்னாடி வந்த டாக்டரும் இப்படித்தான் சொன்னாரு. ரத்தத்தை எடுத்துட்டுப் போனவருதான், ஆளையே காணோம். ஒரு கொசுகூட திரும்பி வரும்க்கா."

கொசு என்றதும் வெயிலக்காவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவளுடைய உயிர்த்தோழியின் பட்டப்பெயரே அதுதான்.

கல்லூரி விடுதியில் ஒரே அறை, ஒரே வாளி, குளிருக்கு ஒரே பச்சைச் சால்வை. அந்தச் சால்வையை ஒருநாள் வெயிலக்கா இஸ்திரி போடப் போய், நடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவத்திலேயே கருக்கிவிட்டாள். தோழி அதை எறியவில்லை, "உன் ஆராய்ச்சியோட முதல் சான்று" என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு திரிந்தாள். பின்னாளில் தோழி வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனாள். மழை தப்பிப் பெய்தால் கொசு எங்கே பெருகும், எந்தக் காய்ச்சல் வரும் என்பது அவள் ஆராய்ச்சி. அதனால் அவள் கொசு.

இந்த இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. இவர்கள் துறையில் பணம் தேடுவது என்பது வைக்கோல் போரில் ஊசியைத் தேடுகிற வேலை. வானிலைக்கு நிதி கொடுக்கிறவர்களிடம் போனால், "இது ஆஸ்பத்திரி விஷயமாச்சே" என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு நிதி கொடுக்கிறவர்களிடம் போனால், "இது வானிலை விஷயமாச்சே" என்பார்கள். ஒன்றுக்கு வயது தாண்டியிருக்கும், இன்னொன்றுக்குப் பட்டம் வாங்கி வருடம் தாண்டியிருக்கும். "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், முன்பணம் அனுப்பவும்" என்று வருவதெல்லாம் ஏமாற்று. அதனால் எங்கேயாவது ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற உண்மையான ஃபெலோஷிப் அறிவிப்பு கண்ணில் பட்டால், பார்த்தவள் மற்றவளுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். 'மெயிலைப் பார்' என்று அதற்கு அர்த்தம். பல வருடங்களாக இந்த வழக்கம் தவறியதே இல்லை.

தவறியது இந்த வருடம்தான்.

முதலில் ரிங் நின்றது. பிறகு வெயிலக்கா கூப்பிட்டால் எடுப்பதும் நின்றது. "பிஸி. அப்புறம்" என்று ஒற்றை வரி வரும். அந்த அப்புறம் வரவே வராது.

கல்லூரியில் நிதிப் பிரிவு என்று ஓர் அறை, அதில் ஒருவர். பார்த்ததும் வணக்கம் சொல்வதற்குப் பதில் எதற்காவது கடைசித் தேதி சொல்வார். அதனால் எல்லோருக்கும் அவர் கடைசித்தேதி சார். வெயிலக்கா அவருடைய அறை வழியாகப் போனபோது கூப்பிட்டார்.

"மேடம், பருவநிலையும் உடல்நலமும்னு தனியா ஒரு ஃபெலோஷிப் வந்திருக்கே, அஞ்சு வருசத்துக்கு. போடலியா? கடைசித் தேதி பக்கத்துல வந்துடுச்சு."

வெயிலக்கா அப்படியே நின்றாள். வானிலையும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகச் சேர்ந்து, அதுவும் ஐந்து வருடத்துக்கு! தனக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி. "எப்ப சார் வந்துச்சு இது?"

"ரொம்ப நாளாச்சே. உங்க ஃப்ரெண்டு சொல்லலியா? கொசு மேடம் எனக்கே போன் பண்ணாங்களே. உங்க காலேஜ்லேருந்து யார் யார் போடுறாங்கன்னு கேட்டாங்க."

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"உங்களைப் பத்தித்தான் முதல்ல கேட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் சொன்னாங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, சொல்லிட்டேனே."

அங்கே விழுந்தது விதை. வீடு போய்ச் சேருவதற்குள் அது மரமாகிவிட்டது. கொசுவும் இதற்கு விண்ணப்பிக்கிறாள். சரி, அது குற்றமில்லை. ஆனால் ஏன் மறைக்க வேண்டும்? போன வருடம் ரயிலில் சேர்ந்து போனபோது சலவைக்கூடத்துத் திட்டம் முழுவதையும் தான் கொட்டியது நினைவு வந்தது. எத்தனை பேர், எப்போதெல்லாம் ரத்தம், வெப்பமானியை எங்கே மாட்டுவது என்று கொசு குடைந்து குடைந்து கேட்டாளே. அப்போது அக்கறையாகத் தெரிந்தது. இப்போது வேவு பார்த்ததாகத் தெரிந்தது. கொசுவின் பல்கலைக்கழகத்திலும் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. ஆஸ்பத்திரி இருந்தால் சலவைக்கூடமும் இருக்குமே.

வெயிலக்காவின் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க ஊராரின் தாடைகள் வெள்ளை மாவில் வார்க்கப்பட்டு இளித்துக்கொண்டிருக்கும். ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டே மனைவி சொன்னதையெல்லாம் கேட்டார்.

"பேசலேங்கிறதுக்காக சந்தேகப்படுறதா? இதோ இத்தனை வாய் இருக்கு, ஒண்ணும் பேசல. எனக்கு எதிரா சதி பண்ணுதுன்னா நினைக்கிறேன்?"

"உங்களுக்கு எல்லாமே கிண்டல். சொல்ல வேணாம்னு சொன்னாளாமே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"நேர்ல பாக்கும்போது கேட்டுடு. அவ்வளவுதானே."

நேரில் பார்க்கவும் நேர்ந்தது. ஒரு கருத்தரங்கில், நீளமான நடைபாதையின் அந்தக் கோடியில் கொசு வந்துகொண்டிருந்தாள். வெயிலக்காவைப் பார்த்தாள். பார்த்தது நிச்சயம், கண்ணோடு கண் முட்டியது. "அடியே கொசு!" என்று வெயிலக்கா கை தூக்கியதும் அவள் முகம் வெளிறிப்போய், சடாரென்று பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டாள். அது ஆண்கள் கழிப்பறை.

நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா, மடியில் ஒன்றும் இல்லாதவள் ஆண்கள் கழிப்பறைக்குள் போய் ஒளிவாளா? வெயிலக்காவுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஒரு விடுமுறை நாளின் நடுப்பகலில், பட்டறையின் ஓரத்து மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்தாள். திட்டம், செலவு, பரிந்துரைப்பவர்கள் என்று எல்லாம் நிரம்பியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'இவ்விண்ணப்பத்தைப் பார்க்கக் கூடாதவர் எவரேனும் உண்டா? பெயரும் காரணமும் தருக.' போட்டியாளர் கையில் திட்டம் சிக்கிவிடாமல் இருக்க இப்படி ஒரு வசதி. பெரும்பாலோர் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள்.

வெயிலக்கா விடவில்லை. தோழியின் பெயரை முழுசாக எழுதினாள். காரணத்தில், 'என் ஆய்வுத் திட்டத்தைத் தனதாக்கிக்கொள்ள முயல்கிறார்' என்று அடித்தாள்.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "அதை எடுத்துடும்மா."

"ஏன் எடுக்கணும்?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்ச மாதிரிதான்."

"தெரிஞ்ச மாதிரின்னா தெரியாதுன்னுதானே அர்த்தம்."

"சலவைக்கூடத்துல இருக்கிறவங்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். இவ ஒருத்திக்காக அதை விட முடியாது" என்று சொல்லி, அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டாள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கடைசித்தேதி சாருக்குத் தலைகால் புரியவில்லை, வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னார். மேஸ்திரியம்மா தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள்: "அங்க ஏசி ரூம்ல உக்காந்திருப்பாங்க. முதல்ல அதை அணைக்கச் சொல்லுங்கக்கா, அப்புறம் பேச்சே தேவையில்ல."

அது ஏசி அறைதான். நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து நாற்காலிகள், நாலு பேர். நடுவில் வெண்தாடி வைத்த தலைவர். பனிமலைகளை ஆராய்கிற அம்மாள் ஒருவர், பொருளாதாரக்காரர் ஒருவர், ஆஸ்பத்திரி நிர்வாகி ஒருவர். ஐந்தாவது நாற்காலிக்கு முன்னால் பாதி குடித்த தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் சொன்னார்: "குழுவுல ஒருத்தர் வெளியில இருக்காங்க. நீங்க விண்ணப்பத்துல கேட்டுக்கிட்டபடி. ஆரம்பிக்கலாமா?"

நீங்கள் கேட்டுக்கொண்டபடி. வெயிலக்காவின் கண் தானாக அந்த நாற்காலிக்குப் போனது. அதன் முதுகில் ஒரு பச்சைச் சால்வை தொங்கியது. நடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் கருகின தடம்.

போட்டிக்கு வந்தவள் இல்லை கண்ணுகளா. தேர்ந்தெடுக்க வந்தவள்! குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது. அந்த ரகசியத்தைத்தான் கொசு ஆண்கள் கழிப்பறை வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். வெயிலக்காவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடிந்து சரிந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பனிமலை அம்மாள் கேட்டார்:

"சலவைக்கூடத்துல இருக்கிறது பாய்லர் சூடுதானே? அது எப்பவும் இருக்கிறது. இதுல பருவநிலை எங்க வருது?"

இதற்குப் பதில் வெயிலக்காவுக்குத் தலைகீழாகத் தெரியும். பாய்லர் எல்லா மாதமும் ஒன்றுதான். ஆனால் முன்பெல்லாம் ராத்திரி குளிர்ந்து சுவர் ஆறும், இப்போது ராத்திரியும் சுடுவதால் ஆறுவதில்லை. காலையில் வருகிற பெண்கள் நேற்றைய சூட்டுக்குள்ளேயே நுழைகிறார்கள். இதைத்தான் ரயிலில் கொசுவிடம் ஒரு மணி நேரம் விளக்கினாள். ஐந்தாவது நாற்காலியில் கொசு இருந்திருந்தால், "சுவரைப் பத்திச் சொல்லுங்க" என்று ஓர் அடி எடுத்துக் கொடுத்திருப்பாள். இப்போது வெயிலக்கா சால்வையைப் பார்த்தபடி, "சுவர்... வந்து... சுவர் ஆறாதுங்க" என்றாள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தது.

கடைசியில் தலைவர் கேட்டார்: "வேற ஏதாவது சொல்லணுமா?"

பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "அந்தக் கட்டத்துல நான் எழுதினது தப்புங்க. ஆதாரம் இல்லாம எழுதிட்டேன்."

தலைவர் பேனாவை மூடினார். "ஆதாரம் இல்லாம எழுதுவீங்களா?"

ஓர் ஆராய்ச்சிக்காரியை இதைவிடக் கூராகக் குத்த முடியாது. அவர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெயிலக்கா காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே நடைபாதையில், தண்ணீர் வைத்திருந்த மூலையில் ஒரு பெஞ்சு. அதில் கொசு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து, சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். முடிவு இன்னும் ஆகவில்லை அல்லவா, பேசக் கூடாது. திரும்பின அந்த முதுகுக்கு என்ன அர்த்தம் என்று வெயிலக்காவுக்கு இப்போதுதான் விளங்கியது. ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போனாள்.

முடிவு வந்தது. ஐந்து வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். 'சூட்டுக்கும் பருவநிலைக்கும் உள்ள தொடர்பை விண்ணப்பதாரர் தெளிவாக நிறுவவில்லை. ஓராண்டு முடிவுகளைப் பார்த்து மறுபரிசீலனை' என்று இருந்தது.

"ஒரு வருசம் வந்துச்சுல்ல" என்றார் வீட்டுக்காரர்.

"நாலு வருசத்தை நானே தின்னுட்டேங்க" என்றாள் வெயிலக்கா. அவர் ராவிக்கொண்டிருந்த பல்லைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வெயிலக்கா தோழியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. இப்போது குழுவின் விதி தடுக்கவில்லை, வேறு ஏதோ தடுத்தது. நாட்கள் போயின. மன்னிப்புக் கேட்டு மெயில் எழுதி எழுதி அழித்தாள். இவள் என்னை மன்னிக்கவே மாட்டாளோ, இதைச் சொல்லிச் சொல்லித் துறை முழுக்க என் மானத்தை வாங்குவாளோ என்று அந்த மனசு அப்போதும் சந்தேகப்படத்தான் செய்தது. பழகின மனசு, என்ன செய்வது.

ஒரு சாயங்காலம் போன் ஒரே ஒரு ரிங் அடித்து ஓய்ந்தது.

வெயிலக்கா மெயிலைப் பார்க்கப் போகவில்லை. உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

"களவாணி பேசுறேன்" என்றது அந்தப் பக்கம்.

வெயிலக்கா கேட்டாள்: "படிச்சியாடி அதை?"

"நான் எங்க படிச்சேன்? தலைவர் படிச்சார். சத்தமா. அத்தனை பேர் முன்னாடி. எழுந்திருச்சு வெளிய வந்த வேகத்துல சால்வையக்கூட எடுக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"எப்படிச் சொல்றது? குழுவுல இருக்கேன்னே சொல்லக் கூடாது. இந்த விண்ணப்பத்தைப் பத்தி உன்கூட ஒரு வார்த்தை பேசலேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள உக்கார விடுவாங்க. உன்கிட்ட சாப்டியான்னு கேட்டாக்கூட அடுத்த பேச்சு ஃபெலோஷிப்தான்னு எனக்குத் தெரியாதா? அதான் நீ போடுறியான்னு கடைசித்தேதிகிட்ட கேட்டேன். அந்த மனுசன் வாய்ல சொன்னது தங்காதுன்னு தெரியாம போச்சு."

"எனக்காகவா உக்காந்தே?"

"உனக்கு மார்க் போடறதுக்கு இல்லடி. சேர்ந்து படிச்சவங்கன்னு அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். ராத்திரி சுவர் ஆறாதுங்கிறது தெரிஞ்ச ஆள் ஒண்ணாவது அந்த மேசையில வேணும்னு உக்காந்தேன். நீதான் எழுப்பி விட்டுட்ட."

வெயிலக்கா அழுதாள். கொசு அதைத் தடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் அழு. எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்த ஆம்பளைங்க பாத்ரூம்?"

"கதவுல என்ன படம் போட்டிருக்குன்னு யாரு பாத்தா? உள்ள ஒரு பெரிய பேராசிரியர் கை கழுவிட்டு இருந்தாரு. என்னைப் பாத்துட்டு, 'வாங்க மேடம், முடிஞ்சுது'ன்னு நகர்ந்துகிட்டாரு."

அழுகைக்கு நடுவே வெயிலக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது. அந்தப் பக்கமும் வெடித்தது. ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் கொசுவின் குரல் இறங்கியது. "வலிச்சுதுடி. ரொம்ப வலிச்சுது. அதான் இத்தனை நாள் எடுக்கல."

"தெரியும்."

"சரி, மெயிலைப் பாரு. புதுசா ஒண்ணு வந்திருக்கு. ரெண்டு ஊர், ரெண்டு பேர் சேர்ந்து போடணும். உன் சலவைக்கூடம், என் ஊர் சலவைக்கூடம். அங்கயும் சுவர் ஆறல, போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ, சேர்ந்து போட்டுட்டா அப்புறம் எந்தக் குழுவுலயும் உன் விண்ணப்பத்தை நான் பாக்கவே முடியாது. நீ கஷ்டப்பட்டு அந்தக் கட்டத்துல என் பேரை எழுத வேணாம். அவங்களே என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

வரைவு வந்தது. வெயிலக்கா திறந்தாள். முதல் பக்கத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று தேடிய அவள் கண்ணை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னும் பாக்கிறியே!"

"பாக்கலைங்க, கண்ணு பட்டுடுச்சு."

கொசு இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டிருந்தாள். வெயிலக்காவின் பெயர் முதலில் இருந்தது. அவள் அதை மாற்றி, தோழியின் பெயரை முன்னால் வைத்துத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் பார்த்தால் மறுபடி மாறியிருந்தது. விண்ணப்பம் போய்ச் சேருகிறவரைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை.

புது வருடம் பிறந்து முதல் முறை சலவைக்கூடத்துக்குப் போனபோது மேஸ்திரியம்மா உருளையை நிறுத்திவிட்டு வந்தாள். கையை நீட்டவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டீங்களே! எத்தனை வருசத்துக்கு?"

"இப்போதைக்கு ஒண்ணு."

"அப்புறம்?"

"தேடிக்கிட்டு இருக்கோம்."

"இருக்கோமா? கூட யாரு?"

"ஒரு கொசு" என்றாள் வெயிலக்கா. மேஸ்திரியம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகும்போது பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டுச் சுவர் ராத்திரியில் ஆறட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தேடுகிறது அவர்கள் கைக்கு வரட்டும். பேசாமல் இருக்கிறவர்கள் பேசுகிற வரைக்கும் பொறுத்திருக்கிற மனசு உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கட்டும். நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் நன்றாக இருங்கள்.